பட்டாளத்து மருத்துவப் பயிற்சிக்கு ‘கிரெடிட்’ போட்டு நர்சிங் பட்டம் தருகிறோம் என்று வருகிறார்கள், ஏமாறாதீர்கள்

ராணுவத்திலும் கடற்படையிலும் விமானப்படையிலும் நர்சிங் அசிஸ்டென்ட், மெடிக்கல் அசிஸ்டென்ட், ஆம்புலன்ஸ் அசிஸ்டென்ட் டிரேடில் இருந்துவிட்டுக் குமரி மாவட்டத்துக்குத் திரும்பியிருக்கும் அண்ணன்மாருக்கும், இன்னும் சர்வீசில் இருந்துகொண்டே டிகிரியை முடிக்க நினைக்கும் தம்பிமாருக்கும் இந்தப் பதிவு. பட்டாளத்தில் படித்த மருத்துவப் பயிற்சியைக் கல்லூரி கிரெடிட்டாக (படித்த மணிக்கணக்குக்குப் பட்டப்படிப்பில் தரும் மதிப்பு) மாற்றித் தருகிறோம் என்று சொல்லிப் பணம் பிடுங்குகிறார்கள். கிரெடிட் என்ற ஏற்பாடு நிஜமாகவே நாட்டில் இருப்பதால் பொய் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். அதனால்தான் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் நடந்தது. விளவங்கோடு தாலுகாக்காரர் ஒருவர், ஆர்மி மெடிக்கல் கோரில் (ஏ.எம்.சி., ராணுவத்தின் மருத்துவப் பிரிவு) 2006-இல் சேர்ந்து 17 வருடம் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்தவர். ஓய்வு பெற்று வந்த சில மாதத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு ‘கல்வி வழிகாட்டி மையம்’ அவரைப் பிடித்தது. “லக்னோ டிரெயினிங்குக்கே உங்களுக்கு 80 கிரெடிட் இருக்கு அண்ணே. மிச்சம் 40-தான். ஒரே ஒரு சிட்டிங்ல எழுதினா பி.எஸ்சி. நர்சிங் கையில வந்துடும்” என்றார்கள். பதிவுக்கு 15,000, கிரெடிட் மாற்றுவதற்கு 60,000, கடைசியில் சான்றிதழுக்கு 75,000. ஆக ஒன்றரை லட்சம் ரூபாய். மூன்று தவணையும் ஒரு தனிமனிதரின் கணக்குக்குத்தான் போனது. ரசீது என்று கொடுத்தது ஒரு லெட்டர்பேடு தாள். சரிபார்க்க வேண்டும் என்று அசல் டிஸ்சார்ஜ் புக்கையும் (ஓய்வு பெறும்போது படை தரும் சர்வீஸ் விவரப் புத்தகம்) பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிஜிலாக்கருக்கு வந்த ஓடிபியையும் போனில் கேட்டு வாங்கினார்கள்.

வந்த சான்றிதழில் ‘பி.எஸ்சி. நர்சிங், முழு நேரம், 2014 முதல் 2018 வரை’ என்று இருந்தது. அந்த நான்கு வருடமும் அவர் வடக்கே ராணுவ மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தவர். டிஸ்சார்ஜ் புக்கை ஒரு கையிலும் இந்தத் தாளை இன்னொரு கையிலும் வைத்தால் யாருக்கும் புரிந்துவிடும். அவரும் கேட்டார். “தேதியை யாரும் பார்க்க மாட்டாங்க” என்றார்கள். வளைகுடாவில் மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பித்தபோது பார்த்தார்கள். அங்கே உரிமம் வழங்கும் அமைப்புகள் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கின்றன. விண்ணப்பதாரரோ ஏஜென்டோ சொல்வதை டேட்டாஃப்ளோ அப்படியே நம்புவதில்லை. சான்றிதழை வழங்கியதாகச் சொல்லப்படும் பல்கலைக்கழகத்திடமே நேரடியாக எழுதிக் கேட்கும். இப்படி ஒரு மாணவர் இல்லை என்று பதில் வந்தது. சரிபார்ப்புக் கட்டணமும் போனது, வேலையும் போனது. மையத்துக்குப் போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது, டிஸ்சார்ஜ் புக் உள்ளே.

அவர்கள் சொன்னதில் எது பொய், எது பாதி உண்மை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிரெடிட் வேறு, லைசென்ஸ் வேறு. இந்த இரண்டையும் குழப்பிவிடுவதில்தான் அவர்கள் பிழைப்பு நடக்கிறது. கிரெடிட் என்பது ஒரு பல்கலைக்கழகம் தன் படிப்புக்குள் எதை ஏற்றுக்கொள்கிறது என்ற கணக்கு. நர்சாக வேலை பார்க்கும் உரிமையைத் தருவது தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு தாதியர் கவுன்சில் பதிவு. அதற்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி படித்திருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், 8 செமஸ்டர், முழு நேரம், நேரில். தேர்வு எழுதவே 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் கையில் வருவதற்கு முன் ஒவ்வொரு செய்முறைப் பிரிவிலும் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். ‘ஒரே சிட்டிங்’ இதில் எங்கே நுழையும்? தபால் வழியிலும் ஆன்லைனிலும் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, பாராமெடிக்கல் படிப்புகளை நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. யாராவது ‘டிஸ்டன்ஸில் நர்சிங்’ என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பட்டாளத்தில் நீங்கள் ஊசி போட்டதும், காயம் கட்டியதும், ஐசியூவில் இரவெல்லாம் நின்றதும் மதிப்பில்லாதது என்று யாரும் சொல்லவில்லை. அந்த அனுபவத்துக்கு இந்த நாட்டின் சிவில் சட்டம் இன்னும் நேர்வழி ஒன்றைத் திறந்துவிடவில்லை என்பது எங்களுக்கும் வருத்தம்தான். அந்தக் குறையைத்தான் ஏஜென்டுகள் காசாக்குகிறார்கள்.

அடுத்தது ‘கிரெடிட் பேங்க்’. அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற அமைப்பு 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி உண்மையாகவே இயங்குகிறது. டிஜிலாக்கர் வழியாக 12 இலக்க ஏ.பி.சி. ஐடியை நீங்களே இலவசமாக எடுக்கலாம். ஆனால் அதில் மாணவர் போய்க் கிரெடிட் போட முடியாது, ஏஜென்டும் போட முடியாது. அதில் பதிவு பெற்ற கல்வி நிறுவனம் மட்டுமே ஏற்ற முடியும். கையில் தரும் ஹாலோகிராம் ஒட்டிய ‘கிரெடிட் சர்டிபிகேட்’ வெறும் தாள். “உங்க 2007 டிரெயினிங் கிரெடிட் பேங்கில் கிடக்கு” என்றால் அதுவும் பொய், ஏனென்றால் அப்போது அந்த பேங்கே கிடையாது. ஏற்றிய கிரெடிட்டும் அதிகபட்சம் 7 வருடம்தான் செல்லும். முக்கியமான இன்னொன்று, எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறதோ அங்கேயே குறைந்தது பாதிக் கிரெடிட்டைப் படித்து எடுக்க வேண்டும். 120 கிரெடிட் உள்ள பட்டத்தில் வெளியிலிருந்து 60-க்கு மேல் வர வழியில்லை. 80 என்று சொன்ன அந்த வாயிலேயே பொய் இருந்தது.

மணிக்கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-இல் அறிவித்த தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி 30 கற்றல் மணி நேரம் ஒரு கிரெடிட். ஒரு வருடத்துக்கு 1200 மணி, 40 கிரெடிட். உங்கள் பயிற்சியில் 600 மணி நேரத்துக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருந்தால், காகிதக் கணக்கில் அது 20 கிரெடிட். அதையும் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு ஏற்றால்தான் உண்டு. பத்து வருடம் வார்டில் வேலை பார்த்தது தானாகக் கிரெடிட் ஆகிவிடாது. பெரும்பாலும் பாடத்திட்டமும் தேர்வும் மதிப்பெண்ணும் உள்ள பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பெயரைச் சொல்லியும் ஆள் பிடிக்கிறார்கள். அவர்கள் காட்டுவது, இக்னோ வழியாக நடத்த 2022 ஜூனில் கல்வி அமைச்சகம் அறிவித்த ஒரு திட்டத்தை. படையில் பணியில் இருப்பவர்களுக்கான 3 வருடப் பட்டம். பாதிக் கிரெடிட் படையில் பெற்ற பயிற்சிக்கு, மீதிப் பாதி மொழி, வரலாறு, பொது நிர்வாகம், வணிகம், சுற்றுலா போன்ற பாடங்களைப் படித்து எடுப்பது. முதல் வருடத்தோடு நின்றால் சான்றிதழ், இரண்டாவதோடு நின்றால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் பட்டம். நல்ல ஏற்பாடு, மெடிக்கல் டிரேடில் இருக்கும் தம்பிமார் கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும். ஆனால் கிடைப்பது பி.ஏ., பி.காம். வகைப் பட்டம். நர்சிங் பட்டம் அல்ல. உங்கள் யூனிட் வழியாக, உங்கள் பயிற்சியைப் படை உறுதி செய்த பிறகுதான் நடக்கும். ஓய்வு பெற்றவரைத் தனியார் மையம் ஒன்று இதில் ‘சேர்த்துவிட’ முடியாது. சந்தேகம் இருந்தால் இந்த மாவட்டத்துக்கான இக்னோ வட்டார மையம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது, பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு மாலையில் திரும்பிவிடலாம்.

‘15 வருட சர்வீசுக்கு டிகிரி சர்டிபிகேட்’ என்று விற்பவர்களும் உண்டு. மெட்ரிக் முடித்து 15 வருடம் பணியாற்றிய முன்னாள் படைவீரரை, மத்திய அரசின் குரூப் சி பணிகளில் அவர்களுக்கென ஒதுக்கிய, பட்டம் கேட்கும் இடங்களுக்குத் தகுதியானவராகக் கருதலாம் என்று விதி இருக்கிறது. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமாக உள்ள பணிகளுக்கு அது அப்படியே பொருந்தாது. எம்.ஏ. சேரவோ நர்சிங் வேலைக்கோ அது உதவாது. வேலைக்கான தளர்வு அது, பட்டம் அல்ல. அதற்காக ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

சரி, நேர்வழியில் போக என்ன செய்வது? நர்சாகத்தான் ஆக வேண்டும் என்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தகுதியோடு 3 வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், மகப்பேறு டிப்ளமோ), கவுன்சிலில் பதிவு, அதன் மேல் 2 வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. அல்லது நேரே 4 வருட பி.எஸ்சி. கஷ்டமான வழிதான், வேறு இல்லை. மருத்துவமனையில் உதவியாளர் நிலை வேலை போதும் என்றால், முன்அனுபவத்தைச் சோதித்துத் தரும் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், நிலை 4 திறன் சான்று உண்டு. உங்களுக்கு அது சுலபம். அது நர்ஸ் பதிவு ஆகாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வெறுமனே ஒரு பட்டம் முடிக்க வேண்டும், அதில் பட்டாளப் பயிற்சிக்குக் கிரெடிட் கேட்கப் போகிறோம் என்றால், சேருவதற்கு முன்னால் கேளுங்கள். பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுத்தில் விண்ணப்பம், எழுத்தில் பதில். எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்துக்குப் பதிலாக என்று அந்தப் பதிலில் இருக்க வேண்டும். கட்டணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு மட்டும். தொலைநிலைப் படிப்பு என்றால் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி உண்டா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் தளத்தில் பாருங்கள். 2024 முதல் தொலைநிலைச் சேர்க்கைக்கு அந்தப் பிரிவின் டெப் (DEB) ஐடி வேண்டும். ஏ.பி.சி. ஐடியை வைத்து அதை மாணவரே உருவாக்க வேண்டும். “அதெல்லாம் வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்” என்றால் அங்கே சேர்க்கையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

கிரெடிட் கேட்கும் விண்ணப்பம் பெரும்பாலும் நின்றுபோவது இரண்டு இடத்தில். ஒன்று, பயிற்சிச் சான்றிதழில் பெயரும் தேதியும் இருக்கும், மணிக்கணக்கும் பாடத்திட்டமும் இருக்காது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே பயிற்சி நிலையத்திலிருந்து பாடத்திட்டம், தியரி மணி, செய்முறை மணி, மதிப்பெண் எல்லாவற்றையும் கையெழுத்து முத்திரையோடு வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபின் என்றால் ராணுவத்தினர் லக்னோவில் உள்ள ஏ.எம்.சி. ரெக்கார்ட்ஸுக்கும், கடற்படையினர் மும்பையில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸுக்கும், விமானப்படையினர் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்கும் எழுத வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகலாம், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

இரண்டாவது, பெயர். இது நம்மூர் ஆட்களை அதிகம் படுத்துகிறது. பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்து மட்டும், பட்டாளத்தில் அப்பா பெயரை முழுதாகச் சேர்த்து ஆள்சேர்ப்பு கிளார்க் எழுதிய ஸ்பெல்லிங், ஆதாரில் மூன்றாவது விதம். ஏ.பி.சி. ஐடி ஆதாரை வைத்து உருவாவதால் பல்கலைக்கழகப் பதிவோடு ஒட்டாமல் கிரெடிட் ஏறாது. சர்வீசில் இருக்கும்போதே யூனிட் ஆபீசில் பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் பதிவில் மாற்றத்தை ஏற்றும் உத்தரவு) போட்டுத் திருத்துவது எளிது. வெளியே வந்தபின் உறுதிமொழிப் பத்திரம், அரசிதழ் என்று அலைய வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். பணம் ஆன்லைனில் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு. வாட்ஸ்அப் உரையாடல், பரிமாற்ற எண், நோட்டீஸ், லெட்டர்பேடு ரசீது எல்லாவற்றையும் அழிக்காமல் பிரிண்ட் எடுத்து, நாகர்கோவிலில் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுங்கள். மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு இருக்கிறது. ஓடிபி கொடுத்திருந்தால் டிஜிலாக்கர் பின்னை அன்றே மாற்றுங்கள்.

கையில் வந்த போலிச் சான்றிதழை எந்த விண்ணப்பத்திலும் இணைக்காதீர்கள். வாங்கியபோது நீங்கள் ஏமாந்தவர். தெரிந்த பிறகு அதைக் காட்டினால் போலி ஆவணத்தைப் பயன்படுத்தியவர் ஆகிவிடுவீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பும். கிழித்துப் போடவும் வேண்டாம், அதுதான் ஆதாரம், புகாரோடு போலீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கை அவர்கள் வைத்திருந்தால் புகாரில் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். புக் திரும்பக் கிடைக்காவிட்டால், போலீஸ் தரும் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் சேர்த்து ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் நகல் கேட்க அந்த வரிதான் அடிப்படை. அந்த விளவங்கோட்டுக்காரரின் முதல் புகாரில் பணத்தை மட்டும் எழுதிவிட்டு புக்கை விட்டுவிட்டார்கள். நகல் கேட்கப் போன இடத்தில் அது நின்றுபோய், புக்குக்காக இரண்டாவது மனு எழுத வேண்டிவந்தது.