நேரடி ஒலியா, டப்பிங்கா: திருகோணமலை வீட்டில் ஒரு குடும்பப் படம்

அப்பாவும் மகளும் பேசாமல் சோறு பிசையும் காட்சிக்கு, படப்பிடிப்பின்போதே பதியும் நேரடி ஒலிதான். தொண்டை அடைக்கும் அந்த அரைமூச்சு டப்பிங் அறையில் திரும்ப வராது. ஆனால் டச்பே கடற்கரைப் பக்கத்து வீடுகளில் அலைச்சத்தம் எடிட்டிங்கில் ஒவ்வொரு வெட்டிலும் தாவும். கடலுக்கு முதுகு காட்டும் அறையைப் பிடியுங்கள். ஃபிரிட்ஜ், ஃபேன் இரண்டையும் நிறுத்துங்கள். கார்ச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது அதைத் திறந்தே ஆகவேண்டும், ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறக்காது. நீண்ட கம்பில் மாட்டிய பூம் மைக் தலைக்கு மேல் இரண்டடியில், பதிவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில். ஒவ்வொரு அறையிலும் 60 செக்கன் வெறும் அறைச்சத்தம் பதியாவிட்டால் எடிட்டிங்கில் மௌனங்கள் செத்துப்போகும்.

டப்பிங்கில் படப்பிடிப்பு வேகம். ஸ்டூடியோ வாடகை பிறகு கடிக்கும். நவம்பர், டிசம்பர் மழையில், தகரக் கூரையின் கீழ் டப்பிங்தான் வழி. அப்போதும் போனிலாவது வழிகாட்டி ஒலி பதியுங்கள், உதட்டசைவுக்குப் பொருத்த வேண்டும்.