கேரவனுக்கு மாற்று ஃப்ரிட்ஜ்: எரிவாயு வகையா, கம்ப்ரசர் வகையா?

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடான கேரவனில் உள்ள பழைய ஃப்ரிட்ஜ் குளிர்விப்பதை நிறுத்தியதும், அதே நிறுவனத்தின் அதே அளவுப் பெட்டி இன்னும் கிடைக்கிறதா என்றுதான் பெரும்பாலோர் முதலில் தேடுவார்கள். மரச்சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது, எரிவாயுக் குழாய் வந்து நிற்கிறது, வெளிச்சுவரில் காற்றோட்டத் திறப்புகள் இருக்கின்றன என்பதால் அது இயல்பான தேடல்தான். நாங்கள் அவ்வழியில் போகாமல், எரிவாயு, 12 வோல்ட், வீட்டு மின்சாரம் ஆகிய மூன்றிலும் ஓடக்கூடிய உறிஞ்சல் முறை ஃப்ரிட்ஜை, அதாவது எரிவாயு வகையை, கழற்றிவிட்டு, 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜைப் பொருத்தினோம். அந்த முடிவில் எனக்கு முழு மனநிறைவு உண்டு. ஆகவே இந்த ஒப்பீடு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும். எரிவாயு வகையே பொருந்தும் சூழல்களும் உள்ளன. அவற்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன்.

வேறு இரண்டு வழிகளைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. வீட்டு உபயோகத்துக்கான சிறிய ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டலாம். ஆனால் அதன் குழாய்களும் கதவும் ஓயாத சாலை அதிர்வுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல, இன்வெர்ட்டரும் ஃப்ரிட்ஜ் ஓய்ந்திருக்கும் நேரத்தில்கூடத் தன் பங்குக்கு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் பெல்டியர் தகடு வைத்த குளிர்பெட்டிகளோ வெளி வெப்பநிலையைவிட ஏறத்தாழ 20 டிகிரிக்கு மேல் இறங்கத் திணறும். கோடையில் பால், இறைச்சி வைக்க அவை போதா. எனவே உண்மையான போட்டி முதலில் சொன்ன இரண்டுக்கும் இடையில்தான்.

உறிஞ்சல் முறையை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. 1922-இல் ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் இருவரும் உருவாக்கிய அமைப்பு அது. 1925-இல் எலக்ட்ரோலக்ஸ் அதைக் கையகப்படுத்தி விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேரவன் ஃப்ரிட்ஜுகளில் நன்கு அறியப்பட்ட டொமெடிக் நிறுவனமும் எலக்ட்ரோலக்ஸிலிருந்து பிரிந்து வந்ததே. மூடிய எஃகுக் குழாய்களுக்குள் அம்மோனியாவும் நீரும் ஹைட்ரஜனும் இருக்கின்றன. கொதிகலனைச் சூடாக்கினால் அம்மோனியா நீரிலிருந்து பிரிந்து மேலேறி, குளிர்ந்து திரவமாகி, ஹைட்ரஜன் உள்ள பகுதியில் ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பின்னர் மீண்டும் நீரில் கரைந்து கொதிகலனுக்குத் திரும்புகிறது. அந்தச் சுற்றில் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை, ஓசையும் இல்லை. வெப்பம் சுடரிலிருந்து வந்தாலும் மின்கம்பியிலிருந்து வந்தாலும் ஒன்றே. பேட்டரிகள் சிறியவையாகவும் சூரிய மின்தகடுகள் அரியவையாகவும் இருந்த காலத்தில் கேரவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறு இருந்திருக்க முடியாது.

ஆனால் அந்த எளிமைக்கு எரிசக்தியில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நடுத்தர அளவுள்ள ஒரு உறிஞ்சல் ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் எரிவாயுவை எரிக்கும். அதிலுள்ள வெப்பம் கிட்டத்தட்ட 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதே கொள்ளளவுள்ள கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 40 முதல் 60 வாட் வரை எடுத்து, மிதமான வெயிலில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஓடி, நாளொன்றுக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி அளவில், அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவாக முடித்துக்கொள்கிறது. உறிஞ்சல் வகையின் 12 வோல்ட் இணைப்பு வண்டி ஓடும்போது மட்டுமே பயன்படும் என்பதற்கும் இதுவே காரணம்: அதன் வெப்பக்கம்பி 10 ஆம்பியருக்கு மேல் இடைவிடாமல் இழுப்பதால், நிறுத்திய இடத்தில் அதை அப்படியே விட்டால் ஒரே இரவில் பேட்டரி தீர்ந்துவிடும். சமதளத்தில் நிற்க வேண்டும், கடும் வெயிலில் குளிர்ச்சி குறையும் என்ற மற்ற குறைகள் கேரவன் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது மின்கணக்கோ குளிர்ச்சியோ அல்ல, பராமரிப்புதான். எந்தப் பாகம் கெடும், கெட்டால் அதை யார் சரிசெய்வார், சரிசெய்யவே முடியுமா என்ற மூன்று கேள்விகளையும் இரு வகைகளிடமும் கேட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

எரிவாயு வகையின் பராமரிப்பு பர்னரில் தொடங்குகிறது. வெளிச்சுவரின் கீழ்த்திறப்பு மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால், கொதிகலனின் அடியில் விரலளவே உள்ள ஒரு பர்னர் தெரியும். அதற்கு நேர் மேலே புகைக்குழாய். அதற்குள் வெப்பத்தைத் தேக்கிவைக்கும் முறுக்குத் தகடு ஒன்று தொங்கும். வண்டி குலுங்கக் குலுங்க, அந்தக் குழாயின் துருச் செதில்கள் உதிர்ந்து பர்னரின் பிளவுகளில் படிகின்றன. வண்டி பயன்படாமல் நிற்கும் மாதங்களில் சிலந்தி வந்து கூடு கட்டிவிடுகிறது. அப்போது நீலமாக, சீராக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாகித் தள்ளாடும். கரி படியும், குளிர்ச்சி குறையும், நச்சான கார்பன் மோனாக்சைடும் உருவாகும். எனவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பர்னரைக் கழற்றித் துலக்கி, முறுக்குத் தகட்டை எடுத்துப் புகைக்குழாயைத் துடைத்து, எரிவாயு வரும் நுண்துளைக் குமிழை மெதிலேட்டட் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றால் ஊத வேண்டும். அந்தத் துளைக்குள் ஊசியை விட்டுக் குத்தக் கூடாது. துளை சற்றே பெரிதானாலும் சுடரின் அளவு மாறிவிடும்.

அதோடு முடிவதில்லை. சுடர் அணைந்தால் எரிவாயுவைத் தானே அடைக்கும் வெப்ப உணரியின் முனை சுடருக்குள் சரியாக நிற்கிறதா, பொறி எழுப்பும் முனையின் இடைவெளி மாறாமல் இருக்கிறதா, குழாய் மூட்டுகள் அழுத்தச் சோதனையைத் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்னறை, வாழும் பகுதியிலிருந்து முழுவதுமாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரிந்த புகை உள்ளே வரும். கீழ்த்திறப்பை எக்காரணத்தாலும் மூடக் கூடாது. கசியும் எரிவாயு காற்றைவிட எடை கூடியது என்பதால், அது தாழ்ந்து வெளியேற அதுவே வழி. இவற்றில் பலவும் எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டியவை. ஒரு ஃப்ரிட்ஜுக்காக எரிவாயு, மின்சாரம், காற்றோட்டம் என்று மூன்று துறைகளையும் ஆண்டுதோறும் கவனித்துவருவது, விடுமுறையில் மட்டும் வண்டியை எடுக்கும் குடும்பத்துக்கு எளிதன்று.

இவ்வளவும் செய்தபின் குளிர்ச்சி அமைப்பே பழுதானால் நிலைமை இன்னும் கடினம். உயர் அழுத்தத்தில் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அடைக்கப்பட்ட அந்த எஃகுக் குழாய்களை வழக்கமான மெக்கானிக் திறந்து மீண்டும் நிரப்ப முடியாது. கொதிகலனைச் சுற்றி மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தாலோ, மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வந்தாலோ குழாய் அரித்துக் கசிந்துவிட்டது என்று பொருள். அந்த மஞ்சள் பொடி துருவைத் தடுக்கச் சேர்க்கப்படும் சோடியம் குரோமேட். அது நச்சு என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. கழற்றிய ஃப்ரிட்ஜைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் மீண்டும் குளிர்விக்கத் தொடங்கும் என்று பழையவர்கள் சொல்வதுண்டு. உள்ளே ஏற்பட்ட அடைப்பு மட்டுமே காரணமாக இருந்தால் அது சில நேரம் பலிக்கும்; கசிவுக்கு அது மருந்தன்று. முடிவில் முழு அமைப்பையும் மாற்ற வேண்டும், அல்லது ஃப்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

கம்ப்ரசர் வகையில் செய்ய வேண்டியவை குறைவு. பின்புறக் குளிர்விப்புத் தகடுகளில் படியும் தூசியைத் தூரிகையால் துடைப்பது, விசிறி தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்ப்பது, கதவின் ரப்பர் விளிம்பைத் துடைப்பது, பனியை உருக்குவது, ஃப்யூஸ் முனைகள் களிம்பு பிடிக்காமல் காப்பது ஆகியவையே அநேகமாக மொத்த வேலையும். பழுது வந்தாலும் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்க்க முடிகிறது. வெப்பநிலைக் கட்டுப்பாடு, விசிறி, மின்னணுப் பலகை ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. டான்ஃபாஸ் நிறுவனம் உருவாக்கி, இன்று சீகாப் என்ற பெயரில் வரும் பி.டி. (BD) வரிசைக் கம்ப்ரசர்களில் சிறு குறிவிளக்கு ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். அது மின்னும் எண்ணிக்கையே பழுதின் பெயர். ஒருமுறை மின்னினால் மின்னழுத்தம் குறைந்துவிட்டது, இருமுறை என்றால் விசிறி கூடுதலாக இழுக்கிறது, மும்முறை என்றால் மோட்டார் தொடங்க முடியவில்லை, நான்கு என்றால் உரிய வேகத்தை எட்டவில்லை, ஐந்து என்றால் மின்னணுப் பலகை சூடேறிவிட்டது. குளிர்ப்பொருள் கசிந்தாலும், வழக்கமான ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கே கசிவை அடைத்து மீண்டும் நிரப்பித் தர இயலும். எங்கு போனாலும் கிடைக்கக்கூடிய ஒரு தொழில்திறன் போதும் என்பதே என்னை இந்தப் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது.

பராமரிப்பு இல்லாமல் போய்விடவில்லை, பேட்டரிக்கு இடம் மாறியிருக்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு. 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பேட்டரியில் பாதியை மட்டுமே எடுப்பது அதன் ஆயுளுக்கு நல்லது. அந்தக் கணக்கில் ஒரு நாளைக்குச் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 விழுக்காடு வரை எடுக்கலாம், எடையும் பாதிதான். நல்ல வெயிலில் 100 வாட் சூரிய மின்தகடு ஒன்று நாளைக்கு 30 ஆம்பியர்-மணிக்குக் குறையாமல் தரும் என்பதால், இரண்டு தகடுகள் இருந்தால் ஃப்ரிட்ஜுக்குப் போக விளக்குக்கும் நீர்ப்பம்புக்கும் மிஞ்சும். நாங்கள் பெரும்பாலும் வெயில் உள்ள மாதங்களிலேயே பயணிக்கிறோம். மேகமூட்டத்திலும் கடுங்குளிரிலும் மின் இணைப்பு இல்லாமல் நெடுநாள் தங்கிய பழக்கம் எனக்கு இல்லாததால், அத்தகைய பயணிகள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பொருத்துவதில் நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது கம்பியின் தடிமனைத்தான். பேட்டரியிலிருந்து ஃப்ரிட்ஜ் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் 10 மீட்டர் கம்பி. அதில் 6 ஆம்பியர் ஓடும்போது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. கம்ப்ரசர் தொடங்கும் கணத்தில் இழுப்பு இன்னும் கூடுவதால், மெல்லிய கம்பியில் பேட்டரி பாதி நிறைந்திருக்கும்போதே மின்னழுத்தம் போதவில்லை என்று அது நின்றுவிடக்கூடும். கேரவனின் பொது மின்பலகையிலிருந்து இணைப்பு எடுக்காமல், பேட்டரியிலிருந்து நேரே தனிக் கம்பி இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைப்பது நல்லது. பல கேரவன்களில் இழுவை வண்டியின் எஞ்சின் ஓடும்போது உள்புற மின்சாரத்தை ஒரு ரிலே (தானியங்கி மின்சுவிட்ச்) துண்டித்துவிடும் என்பதற்காகவும் இது தேவை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. இழுவை வண்டியிலிருந்து கேரவனுக்கு மின்சாரம் தரும் 13 முள் இணைப்பில் 10-ஆம் முள் வழியாகப் பழைய ஃப்ரிட்ஜின் வெப்பக்கம்பிக்கு வந்த மின்சாரம் இப்போது வேலையில்லாமல் நிற்கிறது. வரும் மின்னழுத்தத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிசி-டிசி சார்ஜருக்கு அதைத் திருப்பிவிட்டால், வண்டி ஓடும்போதே கேரவன் பேட்டரி நிறையும். புதிய வண்டிகளில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பாதிப்பு இல்லை. சார்ஜரின் இழுப்பு அந்தக் கம்பியின் தாங்குதிறனுக்குள் இருக்கும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

வாங்குமுன் மரச்சட்டத்தின் அகலம், உயரம் ஆகியவற்றோடு ஆழத்தை மேலும் கீழும் தனித்தனியே அளக்க வேண்டும். சில கேரவன்களில் ஃப்ரிட்ஜின் பின்புறம் சக்கர வளைவு இருக்கும். கம்ப்ரசர் பின்னடியில் துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி அங்கே உள்ளே போகாது. பழைய எரிவாயுக் குழாயைத் தகுதி பெற்றவரைக் கொண்டு அதன் கிளை வால்விலேயே அடைத்து, கசிவுச் சோதனை செய்துவிட வேண்டும். புகைக்குழாய்த் திறப்பை மூடிவிடலாம். சுவர்த் திறப்புகளைக் கம்ப்ரசரின் வெப்பம் வெளியேற அப்படியே விட்டுவிட்டு, பெட்டியைச் சுற்றியுள்ள இடுக்குகளில் வெப்பக்காப்பு நுரையை வைக்கலாம். கூடுதல் பேட்டரியின் எடை கேரவனுக்கு அனுமதிக்கப்பட்ட சுமைக்குள் அடங்குகிறதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓசையில் உறிஞ்சல் வகைக்கு இணை இல்லை. படுக்கை ஃப்ரிட்ஜை ஒட்டி இருந்தால், கம்ப்ரசர் தொடங்கி நிற்பது இரவில் காதில் விழும். வேகத்தைக் குறைத்து ஓடும் இரவு நிலை உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுத்தால் ஓரளவு தணியும். அடர்ந்த மரநிழலில், மின் இணைப்பில்லாத இடத்தில் வாரக்கணக்கில் வண்டியை நகர்த்தாமல் தங்குபவருக்கும், எரிவாயு வேலையைப் பொறுப்பாகச் செய்துதரும் நம்பகமான ஆள் அருகிலேயே இருப்பவருக்கும் எரிவாயு வகையே இன்றும் ஏற்றது. அவர்கள் புதிய பெட்டியை வாங்கும்போது, அது எந்தக் காலநிலை வகுப்பைச் சேர்ந்தது என்று தகட்டில் பார்த்துக்கொள்ளட்டும்: எஸ்.என், என் வகுப்புகள் 32 டிகிரி வரையிலும், எஸ்.டி 38 டிகிரி வரையிலும், டி 43 டிகிரி வரையிலும் உள்ள வெளிச் சூட்டுக்கென வரையறுக்கப்பட்டவை.