வெறுங்காலுக்கு எந்த மிதிகட்டை? கயாக்கில் மூன்று வகை போட்டுப் பார்த்தேன்

மச்சான் ஒரு பழைய கயாக்கை, அதுதான் உட்கார்ந்து துடுப்பு வலிக்கிற ஒடுங்கிய வள்ளத்தை, என் தலையில் கட்டிவிட்டான். வள்ளம் நல்ல வள்ளம்தான், உள்ளே கால் ஊன்றுகிற மிதிகட்டை இரண்டும் முறிந்து கிடந்தன. அது இல்லாவிட்டால் என்ன என்று நந்திக்கடல் களப்பில் இறக்கினேன். வட்டுவாகல் பாலம் கண்ணில் இருக்கும்போதே இடுப்பு விட்டுப்போனது. துடுப்பு வலிக்கிற பக்கத்துக் காலால் ஊன்றினால்தான் அந்த இழுவை வள்ளத்துக்குப் போகும், ஊன்ற இடமில்லையென்றால் கை மட்டும் மாரடிக்கும், ஆள் இருக்கையில் வழுக்கிக்கொண்டே இருப்பார்.

முதலில் முழுப் பிளாஸ்ரிக் செட் ஒன்று. உப்பு அதை ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் அழுத்தி உதைத்தால் மிதி முன்னே பின்னே நகருகிற தண்டவாளமே வளைகிறது, உள்ளே இருக்கும் சின்ன வில்லுக்கம்பி மட்டும் இரும்பு, அது ஒரு மாதத்தில் துருப்பிடித்தது. மிதி நெருப்புப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சப்பாத்துப் போட்ட காலுக்குச் செய்தது. நாங்கள் எங்கே சப்பாத்தோடு களப்பில் இறங்குகிறோம்? உள்ளங்காலில் தடம் பதிந்து இரண்டு நாள் நொண்டினேன்.

அடுத்தது அலுமினியத் தண்டவாளமும் அகலமான மிதியும். உதைத்தால் அசையவில்லை, அந்த வித்தியாசம் முதல் பத்து வலிப்பிலேயே தெரிந்தது. பிரச்சினை மணல். காலோடு ஒட்டி வருகிற மணல் காடிக்குள் இறங்கிப் பல்லை இறுக்கிவிடும், பிறகு மிதியை முன்னே பின்னே நகர்த்தச் சுத்தியல் தேடவேண்டும். எவர்சில்வர் போல்ட் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பொடியும் பூத்தது. உப்புத்தண்ணீரில் இந்த இரண்டு உலோகமும் சேர்ந்தால் தின்னப்படுவது அலுமினியம்தான். நைலோன் வாசரும் கிரீசும் போட்டு, ஒவ்வொரு முறையும் கிணற்றுத் தண்ணீரால் அலசிய பிறகு நின்றது. இரணைமடுக் குளத்து நன்னீரில் ஓடியபோது இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை. குளத்தில் மட்டும் ஓடுபவர்கள் யோசிக்காமல் அலுமினியத்தை வாங்கலாம்.

நடுவில் ஒரு ஆசை, மரக்கட்டையில் மிதி செய்து ஒட்டிவிடலாமே என்று. முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளம் திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனேன். தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது தண்ணித் தாங்கி செய்யிற பிளாஸ்ரிக். ரெசின் இதில பிடிக்காது, காய்ஞ்சதும் உரிஞ்சு வரும். போல்ட் அடிக்கிறதெண்டா அடி, இல்லாட்டிக் கொண்டு போ." ஒரு சதமும் வாங்காமல் இவ்வளவு நல்ல அறிவுரை எனக்கு வேறு எங்கும் கிடைத்ததில்லை.

மூன்றாவது, தண்ணீர் குடிக்காத கெட்டி நுரைக்கட்டி, வள்ளத்தின் முன்தடுப்புச் சுவரோடு பொருந்த வெட்டியது. மெத்தைக்கடைப் பஞ்சு இல்லை, அது ஊறிப் பிணமாகக் கனக்கும். வெறுங்காலுக்கு இதுதான் சொர்க்கம், பாதம் முழுக்கப் படிகிறது, துருப்பிடிக்க எதுவும் இல்லை. ஆனால் என் உயரத்துக்கு வெட்டியதில் மருமகனுக்குக் கால் எட்டவில்லை, அவன் ஓடுவதானால் இன்னொரு துண்டு செருக வேண்டும்.

இப்போது வள்ளத்தில் இருப்பது அலுமினியம்தான். வீட்டில் ஆள் மாறி ஆள் ஓடுவதால் வேறு வழியில்லை. மிதியின்மேல் நீலப் பரலில் வெட்டிய தகடு, அதன்மேல் பழைய பாட்டாச் செருப்பின் அடி. பார்க்க அசிங்கம், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். வாங்குபவர்கள் முதலில் வள்ளத்தில் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளின் இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். நான் அளக்காமல் வாங்கிய முதல் செட்டுக்காகத் துளைத்த இரண்டு ஓட்டையும் இன்னும் ஒழுகுகின்றன.