20 லிட்டர் வாட்டர்ப்ரூப் பை: தூத்துக்குடி வெள்ளத்துக்கு அப்புறம் வாங்குனது, எப்படி இருக்குன்னு சொல்றேன்

மீன்பிடி சாமான் விக்கிற கடையில வாங்குன 20 லிட்டர் ரோல் டாப், அதாவது வாய சுருட்டி மூடுற வாட்டர்ப்ரூப் பை பத்தின ரிவ்யூ இது. தூத்துக்குடி, ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர், திருச்செந்தூர் பக்கம் தாழ்வான இடத்துல வீடு உள்ளவங்க இன்னும் இப்படி ஒன்னு வாங்காம இருந்தா ஐப்பசி பிறக்குறதுக்கு முன்னாடி வாங்கி வச்சிருங்க, நான் 900 ரூபாய் கிட்ட குடுத்தேன், குடுத்த காசுக்கு மேலயே இருக்கு. ஆனா எந்த மாதிரி பைய வாங்கணும், உள்ள என்ன வைக்கணும், எதுக்கு வாங்கணும்னு கொஞ்சம் விவரமா சொல்லணும், நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

2023 டிசம்பர் 17, 18 தேதிய நம்ம ஊர்க்காரங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை, திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62, நம்ம மாவட்டத்துல வருஷம் பூரா சேத்து பெய்யுறதே சாதாரணமா காயல்பட்டினத்துல அன்னைக்கு பெஞ்ச அளவுக்கு இருக்காது. திருச்செந்தூர்ல இருந்து சென்னை போன ரயில் ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டு கிட்டத்தட்ட 800 பேர் நின்னாங்களே, அதே ராத்திரிதான். எங்க பக்கம் குளம் உடைஞ்சுட்டுன்னு சத்தம் கேட்டு கதவ திறக்குறதுக்குள்ள தண்ணி முழங்காலுக்கு வந்துட்டு, அம்மாவ கைத்தாங்கலா பிடிச்சு எதிர் வீட்டு மாடிக்கு ஏறுறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு, கரண்ட் இல்ல, டவர் இல்ல, கையில ஒரு டார்ச் கூட இல்ல. உயிர் பிழைச்சது கர்த்தரோட கிருபை, அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல.

தண்ணி வடிஞ்சு வீட்டுக்குள்ள வந்து பாத்தா பீரோ கவுந்து கிடக்கு. சர்டிபிகேட் எல்லாம் லேமினேட் பண்ணி வச்சிருக்கமே ஒன்னும் ஆயிருக்காதுன்னு நெனச்சா, ஓரத்துல லேசா பிரிஞ்சிருந்த இடம் வழியா சேறு உள்ள போயி மார்க்‌ஷீட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல பழுப்பா ஒரு கோடு. பால்பாயின்ட் பேனாவுல எழுதுனது அப்படியே நின்னுச்சு, ரப்பர் ஸ்டாம்ப் மை கரைஞ்சு பரவிருச்சு. அம்மாவோட ஞானஸ்நான சர்டிபிகேட்டு பழைய காலத்து இங்க் பேனாவுல எழுதுனது, அதுல பேரும் தேதியும் போயி வெறும் நீலக் கறையா ஒரு தாள் மட்டும் மிச்சம். அம்மா அத நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு மேல செங்கல் ஏத்தி காய வச்சாங்க, எழுத்து திரும்ப வராதுன்னு தெரிஞ்சும் வச்சாங்க. அத பாத்ததுக்கு அப்புறம்தான் இந்தப் பைய தேட ஆரம்பிச்சேன்.

இப்ப பைக்கு வருவோம். ஆன்லைன்ல வாட்டர்ப்ரூப் பைன்னு தேடுனா 300 ரூபாய்ல இருந்து இருக்கு, அதுல பாதி மெல்லிசான நைலான் துணியில உள்பக்கம் கோட்டிங் குடுத்தது, நம்ம ஊர் உப்புக் காத்துக்கும் புழுக்கத்துக்கும் அந்த கோட்டிங் நாளாக நாளாக பிசுபிசுன்னு ஒட்டி உரிஞ்சு வந்துரும். கடை அண்ணாச்சி விவரமா சொன்னாரு, "துணிய பாக்காதீங்க, இணைப்ப பாருங்க, தையல் போட்டிருந்தா அந்த ஊசி ஓட்டை வழியா தண்ணி போகும், சூட்டுல ஒட்டுனதா இருக்கணும்"னு. கடலுக்கு போறவங்க போனையும் அடையாள அட்டையையும் இதுலதான் போட்டு கொண்டு போறாங்கன்னு அவரு சொன்னதும் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துச்சு, தினமும் தண்ணியிலயே பொழைக்கிறவங்க நம்புற பொருள்னா வேற என்ன சாட்சி வேணும். நான் வாங்குனது தார்பாய் மாதிரி தடிமனான பிவிசி, எல்லா இணைப்பும் சூட்டுல ஒட்டுனது.

வாங்குன அன்னைக்கே சோதிச்சிருங்க, பழைய நியூஸ்பேப்பர உள்ள திணிச்சு வாய மூடி பெரிய அண்டாவுல தண்ணி நிறைச்சு பைய உள்ள அமுக்கி மேல அம்மிக்கல்ல தூக்கி வச்சு ராத்திரி பூரா விட்டுட்டு காலையில பிரிச்சு பாருங்க. என்னோடது காலையில பேப்பர் மொறுமொறுன்னு இருந்துச்சு. இதுல ஒரு விஷயம், வாய மூடுற விதத்துலதான் எல்லாமே இருக்கு. உள்ள இருக்குற காத்த ஓரளவு வெளிய அமுக்கிட்டு, வாயோட ரெண்டு பக்கத்தையும் சுருக்கம் இல்லாம சேத்து பிடிச்சு, குறைஞ்சது மூணு மடிப்பு இறுக்கமா சுருட்டி அப்புறம் கிளிப்ப மாட்டணும். அவசரத்துல ஒரு மடிப்போட கிளிப் போட்டா அது சாதா பைதான். வாய் வரைக்கும் திணிச்சாலும் சுருட்ட இடம் இருக்காது, அதனால 20 லிட்டர்னு போட்டிருந்தா 15 லிட்டர்தான் கணக்குல வச்சுக்கோங்க. மழை, சாரல், கொஞ்ச நேரம் தண்ணியில விழுறது, மிதக்குறது இதுக்கெல்லாம் தாங்கும். நாள் கணக்குல தண்ணிக்கு அடியில கிடந்தா தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன், அதனால சர்டிபிகேட்ட தனியா ஒரு ஜிப் கவர்ல போட்டு அதுக்கு மேல இந்தப் பை.

குறை இல்லாம இல்ல. தோள்பட்டை வார்ல தையல் ஒரு பக்கம் இழை பிரிய ஆரம்பிச்சுட்டு, செருப்பு தைக்கிறவர்ட்ட குடுத்து திரும்ப அடிச்சு வாங்குனேன், வார் பைக்கு வெளிய இருக்குறதால தண்ணி போற பயம் இல்ல. உள்ள ஒரு அறை கூட கிடையாது, மாத்திரை எடுக்கணும்னாலும் எல்லாத்தையும் வெளிய கொட்டணும். கறுப்பு கலர் வாங்கிறாதீங்க, கரண்ட் இல்லாத இருட்டுல கண்ணுக்கே தெரியாது, வெயில்ல வேற கொதிக்கும், ஆரஞ்சு இல்ல மஞ்சள் வாங்குங்க. புதுசுல அந்த பிவிசி நாத்தம் தலைவலி வர்ற மாதிரி இருக்கும், நிழல்ல விரிச்சு போட்டா போயிரும்.

உள்ள நாங்க வைக்கிறது: சர்டிபிகேட், பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், கொஞ்சம் பணம் சில்லறையா, ஏன்னா ஏடிஎம்மும் ஜிபேயும் செத்துப் போன நேரத்துல 500 ரூபாய் நோட்டுக்கு சில்லறை குடுக்க யாருமே இல்ல. வெள்ள நிவாரணம் 6000 ரூபாய் ரேஷன் கடை வழியா குடுத்தப்ப கார்டு கையில இருந்தவங்களுக்கு அலைச்சல் கம்மி. டிஜிலாக்கர்லயும் ஏத்தி வச்சிருக்கேன், அது நல்லதுதான், ஆனா போன்ல சார்ஜ் இருந்தாத்தான அது. டார்ச், பேட்டரி, பேட்டரில ஓடுற சின்ன ரேடியோ, ஓஆர்எஸ் பாக்கெட், குளோரின் மாத்திரை. ஓஆர்எஸ் வாங்கும்போது பாக்கெட்ட படிச்சு பாருங்க, பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, குட்டி பாக்கெட் 200 மில்லிக்கு, மாத்தி கலக்குனா வயித்துப்போக்குல கிடக்குற குழந்தைக்கு உதவாது. குளோரின் மாத்திரையும் அப்படித்தான், ஒவ்வொன்னுக்கும் எத்தனை லிட்டர்னு அட்டையில போட்டிருக்கும், போட்டு அரை மணி நேரம் விட்டுட்டு குடிக்கணும்.

அம்மாவுக்கு இன்சுலின். இத மட்டும் பைக்குள்ள அடைச்சு வைக்காதீங்க, மூடுன பை வெயில்ல கிடந்தா மருந்து கெட்டுரும். பிரிட்ஜ் இல்லாட்டி அவ்வளவுதான்னு நிறைய பேரு பயப்படுறாங்க, பிரிச்சு ஊசி போட்டுக்கிட்டு இருக்குற பாட்டில சூடு படாம வச்சா பெரும்பாலும் நாலு வாரம் வரைக்கும் வெளிய இருக்கலாம், உங்க மருந்துக்கு எவ்வளவுன்னு டாக்டர்ட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. நாங்க சின்ன மண்சட்டிக்குள்ள இன்னொரு குட்டிச் சட்டி வச்சு நடுவுல மணல் போட்டு தண்ணி ஊத்தி ஈரமா வச்சுக்கிறோம், உள் சட்டியில பாட்டில ஒரு டப்பாவுல போட்டு மேல ஈரத்துணி. நல்லா குளுந்து இருக்கு. பைய தூக்கும்போது கூடவே இந்த மருந்தையும் தூக்க ஒரு தூக்குவாளி பக்கத்துலயே வச்சிருக்கோம்.

இந்தப் பைய வாங்குனப்ப சபையில ஒரு அக்கா, ரொம்ப அன்பானவங்க, "கர்த்தர் பாத்துக்குவாரு, இதெல்லாம் சேத்து வச்சா விசுவாசம் குறைஞ்ச மாதிரி ஆகாதா"ன்னு கேட்டாங்க. நிறைய வீட்டுல இந்தக் கேள்வி இருக்கு, அதனால மனசுல உள்ளத சொல்லிருதேன். பைபிள்ல பார்வோன் ராஜா கண்ட கனவு வழியா பஞ்சம் வரப்போறதுன்னு யோசேப்புக்கு காட்டுனதே தேவன்தான், காட்டுனதும் யோசேப்பு கைய கட்டிக்கிட்டு இருக்கல, விளைச்சல் நல்லா இருந்த ஏழு வருஷமும் அஞ்சுல ஒரு பங்கு தானியத்த எடுத்து களஞ்சியத்துல சேத்தாரு, அதுல அவரோட அண்ணமாரும் பொழைச்சாங்க, எகிப்தும் பொழைச்சுது. நீதிமொழிகள்ல யுத்த நாளுக்கு குதிரைய ஆயத்தம் பண்ணுவாங்க, ஜெயம் மட்டும் கர்த்தரால வரும்னு இருக்கு. குதிரைக்கு தீனி போடுறது என் வேலை. அந்த ராத்திரி எந்தக் குளம் உடையும்னு யாருக்கும் தெரியாது, கடல்ல ஓடுற படக லாரியில ஏத்தி ஊருக்குள்ள கொண்டு வந்து ஜனங்கள மீனவங்க காப்பாத்துவாங்கன்னு யாரு நெனச்சா? நமக்கு எட்டாத அந்தப் பக்கத்த அவரு கையில விடணும், எட்டுற பக்கத்த நாம செஞ்சு வைக்கணும். எட்டுறதையும் செய்யாம அவரு மேல பாரத்த போடுறது எனக்கு சரியா படல.

2024 டிசம்பர்ல திரும்ப மழை கொட்டி குற்றாலம், தாமிரபரணி எல்லாம் வெள்ளமா போச்சுல்ல, அப்ப சாயங்காலமே பையையும் தூக்குவாளியையும் எடுத்துக்கிட்டு மாடிக்கு போயிட்டோம். பை ரெண்டு தோள்லயும் மாட்டுற மாதிரி இருக்குறதால ஒரு கைல அம்மா, ஒரு கைல டார்ச், வழுக்குற படியில அது எவ்வளவு பெரிய உதவின்னு ஏறி பாத்தாத்தான் தெரியும். தண்ணி தெருவோட நின்னுட்டு, வீட்டுக்குள்ள வரல. ஆனா முந்தின தடவை அது எங்க, இது எங்கன்னு அழுதுக்கிட்டே இருந்த அம்மா இந்தத் தடவை போய் உக்காந்ததுமே பாட்டுப்புத்தகத்த எடுத்து ஜெபத்துக்கு உக்காந்துட்டாங்க, பக்கத்து வீட்டு பிள்ளைங்களும் கூட உக்காந்துச்சு. பயம் இருந்துச்சு, தேடல் இல்ல. எதிர் வீட்டு ஆச்சிக்கு பிரஷர் மாத்திரை தீந்து போச்சுன்னு தெரிஞ்சதும் டாக்டர்ட்ட போன்ல கேட்டுட்டு அம்மாவோடதுலயே ஒரே மாத்திரையா இருந்தத குடுக்க முடிஞ்சுது.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், வார் தையலுக்கும் உள் அறை இல்லாததுக்கும் ஒன்ன குறைச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு பேரு உள்ள வீட்டுக்கு 20 லிட்டர் போதும், கைக்குழந்தை இருந்தா 30 வாங்குங்க, அதுக்கு மேல வாங்குனா நிறைச்சுட்டு தூக்க முடியாது. வயசானவங்க தனியா இருக்குற வீடுன்னா 10 லிட்டர்ல ரெண்டா வாங்கி குடுங்க, ஒன்னுல பேப்பர், ஒன்னுல மருந்து. வருஷா வருஷம் புரட்டாசி கடைசியில பைய பிரிச்சு மாத்திரை தேதிய பாத்து மாத்துங்க, டார்ச்சுல இருந்து பேட்டரிய கழட்டி தனியா வைங்க, இல்லன்னா கசிஞ்சு டார்ச்சையே கெடுத்துரும். கடையில வாங்குறவங்க இணைப்ப வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு பாத்துட்டு வாங்குங்க, எங்கயாச்சும் வெளிச்சம் பொட்டு மாதிரி தெரிஞ்சா வேற பை கேளுங்க, மாத்தி குடுப்பாங்க.