குழந்தைக்கு முதல் வில் வாங்கப் போறீங்களா? மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர நம்பாதீங்க

கொஞ்சம் நீளமா போகும், ஆனா பிள்ளைங்களுக்கு வில் வாங்குற எண்ணம் இருக்கறவங்க தயவுசெஞ்சு முழுசா படிச்சிருங்க. நான் ஏமாந்தது போதும்.

என் பொண்ணுக்கு 7 வயசு. ரொம்ப நாளா வில்லு வில்லுன்னு ஒரே பிடிவாதம், குச்சிய வளச்சு நூல் கட்டி வீடு பூரா ஓடிட்டு இருப்பா. சக்கரம் வச்ச காம்பவுண்ட் வில்லெல்லாம் வேணாம், வெறும் கட்டையும் நாணும் இருக்கற பாரம்பரிய வில்லுல ஆரம்பிக்கட்டும், உடம்பு முதல்ல பழகட்டும்னு நெனச்சேன். அந்த முடிவு தப்பில்ல, இப்பவும் அதத்தான் சொல்வேன். வாங்கின இடம்தான் தப்பாப் போச்சு.

கடைக்காரர் எடுத்துக் குடுத்த வில் பாக்க அவ்ளோ அழகு, பிடில தோல் சுத்தி, லிம்ப் (பிடிக்கு மேலயும் கீழயும் வளையற பாகம்) ரெண்டும் பளபளன்னு, மேல் லிம்புல வெள்ளையா ஒரு ஸ்டிக்கர், 15 பவுண்ட், குழந்தைகளுக்குன்னு போட்டிருந்துச்சு. பவுண்ட்ங்கறது நாண இழுக்கும்போது கைக்கு வர்ற பாரம். பாப்பா ஒரு தடவ இழுத்துப் பாக்கட்டுமான்னு கேட்டேன். "அம்பு இல்லாம இழுத்தா வில் உடஞ்சிரும் சார், அப்புறம் நான் பொறுப்பில்ல"ன்னு சொல்லிட்டார். நானும் அத நம்பிட்டேன். இது பாதி உண்மைங்க, அதான் கொடுமை. அம்பு இல்லாம இழுத்து *விட்டா*தான் வில்லுக்கு கேடு, அம்புக்குப் போக வேண்டிய விசை பூரா லிம்புலயே இறங்கும், வெடிப்பு விழும், சில சமயம் உடஞ்சே போகும். மெதுவா இழுத்து, விரல எடுக்காம மெதுவா திரும்ப இறக்குறதுல ஒண்ணும் ஆகாது. பெரியவங்க பக்கத்துல நின்னு ஒரு கைய வில்லுல வச்சுக்கிட்டா போதும். இழுத்துப் பாக்க விடாத இடத்துல வில் வாங்காதீங்க, திரும்பி வந்துருங்க.

வீட்டுக்கு வந்த அன்னைக்கே பாப்பாவால பாதிகூட இழுக்க முடியல. தோள் காதுக்கு ஏறுது, இடுப்பு பின்னாடி வளையுது, கை கிடுகிடுன்னு ஆடுது, அம்பு பிடி மேல நிக்காம கீழ விழுது. பழகிட்டா வந்துரும்னு நான் தினமும் சாயங்காலம் நிக்க வச்சேன். ரெண்டாவது வாரம் நாண் வந்து முன்கையில அடிச்சு கன்னிப் போச்சு, முழங்கைக்கு உள்பக்கம் பட்டையா நீலம். அப்பவும் நான், ஒழுங்கா நில்லுன்னு சொன்னேன்லன்னு திட்டினேன். அன்னைக்கு நைட்டு படுத்துக்கிட்டே கேக்குறா, "அப்பா, எனக்குத்தான் பலமே இல்லையாப்பா?"ன்னு. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவே எழுதுறேன்.

அப்புறம் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஆர்ச்சரி சொல்லிக் குடுக்கற கோச் ஒருத்தர்கிட்ட போனோம். அவர் முதல்ல பாப்பாவ ரெண்டு கையையும் சிலுவை மாதிரி நீட்டச் சொல்லி விரல் நுனியிலேர்ந்து விரல் நுனி வரைக்கும் அளந்தார், 48 அங்குலம். அத 2.5ஆல வகுத்தா சுமாரா 19, அதுதான் பாப்பா இழுக்கற நீளம், டிரா லென்த்னு சொல்றது. அப்புறம் பெட்டி எடை பாக்கற கொக்கி தராச நாண் நடுவுல மாட்டி, சரியா 19 அங்குலம் வரைக்கும் இழுத்தார். 9.1 கிலோ. அதாவது 20 பவுண்ட்.

இங்கதான் விஷயமே இருக்கு. வில்லுல எழுதற பவுண்ட் பொதுவா 28 அங்குலம் இழுத்தா வர்ற கணக்கு, பெரியவங்க அளவு. குழந்தை அவ்ளோ தூரம் இழுக்காது, அதனால அது கைக்கு வர்ற பாரம் குறைஞ்சுதான் இருக்கணும். நிஜமாவே 15 பவுண்ட் வில்லா இருந்தா 19 அங்குலத்துல பத்துக்கும் கீழதான் வந்திருக்கணும். கோச் ஸ்டிக்கரோட ஓரத்த நகத்தால கிளப்பினார், கீழ வார்னிஷுக்கு உள்ள சின்னதா பேனாவுல எழுதியிருந்துச்சு, 35, பக்கத்துல 28. வளந்த ஆளுக்குச் செஞ்ச வில்லுங்க அது, மேல ஸ்டிக்கர் ஒட்டி 7 வயசு குழந்தைக்கு வித்திருக்காங்க.

போன் பண்ணிக் கேட்டா, "நாண் ஏத்தி யூஸ் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது. வளந்தா சரியாயிரும் சார், எல்லாரும் ஒரு சைஸ் பெருசாத்தான் வாங்குறாங்க"ன்னு பதில். யூனிஃபார்ம் வேணா வளர்றதுக்கு இடம் விட்டுத் தைக்கலாம், வில் அப்படி இல்ல. பாரம் தாங்காத குழந்தை தப்பான நிலையிலதான் நிக்கப் பழகும், அப்படி பழகினத மாத்துறது புதுசா கத்துக் குடுக்கறத விட கஷ்டம், தோள்பட்டை வலி வேற. இந்த வயசுக்கு கைக்கு வர்ற பாரம் ஒரு 10 பவுண்ட், அதுக்குக் கொஞ்சம் கீழ மேல இருந்தா தாராளம். முழுசா இழுத்து பத்து எண்ணுற வரைக்கும் ஆடாம நிக்குதா, பேச்சு குடுத்தா பதில் சொல்லுதா, அப்பதான் அது அந்தப் பிள்ளையோட வில்.

அம்பு வேற. மூணு கார்பன் அம்பு ஃப்ரீன்னு குடுத்தார், நானும் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். கோச் ஒண்ண எடுத்து ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா வளச்சு காதுகிட்ட வச்சார், சரக்குன்னு ஒரு சத்தம். நாக், அதாவது நாணுல மாட்டற பின் முனை, அது பக்கத்துல முடி மாதிரி ஒரு விரிசல். அத விட்டிருந்தா வில்லுல இருந்து கிளம்பும்போதே சிதறி நார் நாரா கைக்குள்ள ஏறியிருக்கலாம். எனக்கு உடம்பே சில்லுன்னு ஆயிருச்சு. கார்பன் அம்ப ஒவ்வொரு தடவையும் இப்படி வளச்சுப் பாத்துட்டுத்தான் நாணுல வைக்கணுமாம். குழந்தைக்குன்னா இழுக்கற நீளத்த விட ரெண்டு அங்குலமாவது நீளமா இருக்கணும், இல்லன்னா வேகத்துல கூட இழுத்துட்டா முனை கைக்குப் பின்னாடி வந்துரும்.

இன்னொண்ணு, இத யாருமே கேக்கல. பாப்பா வலது கைப் பழக்கம், ஆனா குறி பாக்கற கண்ணு இடது. ரெண்டு உள்ளங்கையையும் சேத்து நடுவுல சின்ன ஓட்டை விட்டு தூரத்துல ஒரு பொருளப் பாக்கச் சொல்லுங்க, அப்படியே கைய முகத்துக்கிட்ட கொண்டு வரச் சொன்னா எந்தக் கண்ணு பக்கம் போகுதோ அதுதான். பொதுவா அந்தக் கண்ணு இருக்கற பக்கத்துக் கையால நாண இழுத்தாதான் குறி பாக்க வசதி. எங்க வில்லுல அம்பு வைக்கற வெட்டு ஒரு பக்கம் மட்டும், வலது கைக்கு. ஆரம்பத்துக்கு ரெண்டு கைக்கும் ஒத்து வர்ற நேர் பிடி வில்லா வாங்கிட்டா அப்புறம் எந்தப் பக்கம்னு நிதானமா முடிவு பண்ணலாம்.

இப்ப கோச் கிட்ட இருந்த பழைய வில் ஒண்ண இரவல் வாங்கி பழகுறா, கைல ஆர்ம் கார்டு போட்டுக்கிட்டு, எட்டடி தூரத்துல பெரிய வைக்கோல் கட்டு. இழுத்துப் பிடிச்சுக்கிட்டே என்கிட்ட கதை பேசுறா. அந்த 35 பவுண்ட் வில் பரண்ல கிடக்கு. வித்துரு, போட்ட காசாவது வரும்னு வீட்ல சொல்றாங்க. விப்பேன், ஆனா ஸ்டிக்கர் இருந்த இடத்துல மார்க்கர்ல பெருசா 35னு எழுதிட்டுத்தான் விப்பேன்.