வேனுக்கு டிராயர்: பிளைவுட்டா, தகரமா, டபிள்யூபிசியா?

பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் போர்வெல் மோட்டார் பார்க்கிறவன் நான். கார்கோ வேனின் பின்பக்கம் ஸ்பேனர், கெபாசிட்டர், கேபிள் எல்லாம் ஒரே சாக்கில் கிடக்கும். டிராயர் செய்யலாம் என்று இறங்கினால் ஆளாளுக்கு ஒரு சாமான் சொன்னார்கள். எது கெட்டி என்பதைவிட, இட்டேரி மண்பாதையில் வண்டி குலுங்கும்போது எதில் போட்ட ஸ்குரூ கழலாது என்று பார்ப்பதுதான் முக்கியம் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

முதலில் விலையைப் பார்த்து, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்கிற பார்ட்டிகிள் போர்டு போட்டேன். கிணற்றிலிருந்து எடுத்த கயிற்றை ஈரத்தோடு ஒரு ராத்திரி உள்ளே விட்டதில் மூலையெல்லாம் உப்பி, ஸ்குரூ கையோடு வந்துவிட்டது. மரநாரை அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகை அதைவிட நயமாகத் தெரியும், ஆனால் தண்ணீர் பட்டால் அதே கதைதான், கனமும் கூட. இரண்டும் வீட்டு அலமாரியோடு இருக்கட்டும்.

பிளைவுட்டில் லேசான ஈரம் மட்டும் தாங்கும் சாதா எம்ஆர் ரகம் வேண்டாம், மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடாத தரம் அது. 18 மில்லிமீட்டர் கனம் கேட்காதீர்கள். எட்டுக்கு நாலு அடி ஷீட் ஒன்றே 32 கிலோவுக்கு மேல் வரும், 12 மில்லி என்றால் 22 கிலோ பக்கம், டிராயருக்கு அது தாராளம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ஷீட்டின் முகத்தில் போட்ட ஸ்குரூ நன்றாகப் பிடிக்கும், விளிம்பில் போட்டால் அடுக்கு பிளந்துகொள்ளும். "ஓரத்தை நம்பாதீங்க, உள்மூலையில ஒரு இஞ்ச் ரீப்பர் கட்டை வெச்சு பெவிகால் போட்டு இறுக்குங்க" என்றார் எங்கள் ஆசாரி. அப்படிச் செய்த டிராயர் இன்றுவரை அசையவில்லை.

தகரம் லேசாக இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லி இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ, 12 மில்லி பிளைவுட்டும் ஏழு, எட்டு கிலோதான். ஆக மிச்சமாவது கனம் இல்லை, இடம். ஒவ்வொரு சுவரிலும் 11 மில்லி கிடைக்கும், சின்ன டிராயர் நிறைய வேண்டும் என்றால் அது பெரிய லாபம்தான். ஆனால் ஸ்பேனர் உருளும் கடகட சத்தம் தலைவலி, துத்தநாகம் பூசிய ஜிஐ ஷீட்டாக இருந்தாலும் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகம் எரிந்து முதலில் அங்கேதான் துரு பிடிக்கும்.

டபிள்யூபிசி என்பது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை. அதற்குத் தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் பாரத்தோடு கிடந்தால் அடித்தட்டு நடுவில் தொங்கிவிடும், ஸ்குரூ பிடிப்பும் பிளைவுட் அளவுக்கு வராது. அலுமினியச் செக்ஷனில் ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) அடைத்ததும் லேசானதுதான், ஆனால் ரிவெட் ஆட்டம் கொடுக்கும், கெபாசிட்டர், டேப் மாதிரி சாமானுக்கு மட்டும் வைக்கலாம்.

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும்போது இரும்புச் சட்டத்தில் பலகையைப் போல்ட்டு போட்டு இறுக்குவார்களே, நானும் கடைசியில் அதே வழிக்குத்தான் வந்தேன். ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் சட்டம், ரெட் ஆக்சைடு பிரைமர், டிராயர் மட்டும் 12 மில்லி 710. சட்டத்தை வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட்டு துளையில் மாட்டினேன். புதிதாகத் துளை போடுவதானால் அடியில் படுத்து பெட்ரோல் டேங்க்கும் குழாயும் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே டிரில்லை எடுங்கள்.

டிராயர் ஓடுகிற சேனலில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். கடையில் கிடைக்கும் 45 மில்லி டெலஸ்கோபிக் சேனல் ஜோடிக்கு 35 முதல் 45 கிலோ தாங்கும் என்பார்கள், அது ஆடாமல் நிற்கும் வீட்டு டிராயருக்குச் சொன்னது. வண்டியில் பாதி பாரம் போதும், செம்மண் புழுதி சேனலின் பால் பேரிங்கில் ஏறாமல் மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். ஒவ்வொரு டிராயருக்கும் தனித்தாழ்ப்பாள் கட்டாயம் வையுங்கள். தாழ்ப்பாள் இல்லாமல் ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறினேன், 40 கொண்டை ஊசி வளைவில் ஒன்பதாவதிலேயே பைப் ரெஞ்ச் வைத்த டிராயர் முழுசாக வெளியே வந்து பின்கதவில் இடித்தது.