50, 51, 52: ‘பிரேக்கிங் பேட்’ குடித்தனம் குலைவதை முன்பே சொல்லும் தட்டு

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும், புற்றுநோய் வந்தபின் ரகசியமாகப் போதைப்பொருள் காய்ச்சும் வேதியியல் ஆசிரியர் வால்ட்டை யார் சுடுவார்கள், போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான அவர் சகலை ஹேங்க் எப்போது கண்டுபிடிப்பார் என்றுதான் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். வால்ட்–ஸ்கைலர் கல்யாணம் எப்படி முடியும் என்பதை மட்டும் கவனமாகப் பார்த்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம். 2008 முதல் 2013 வரை வந்த 5 சீசன், 62 எபிசோட்களில் அதற்கான தடயங்கள் எல்லாம் வீட்டுக்குள்ளேயே கிடக்கின்றன. கதை தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடில் வால்ட்டின் பிறந்தநாள். காலை உணவுத் தட்டில் பேக்கன் துண்டுகளை வைத்து ஸ்கைலர் ‘50’ போடுகிறாள். 5-ஆவது சீசனின் 4-ஆவது எபிசோடில் அதே சடங்கு, ‘51’. இம்முறை மகன் ஞாபகப்படுத்திய பிறகுதான் துண்டை உடைக்கிறாள், முகத்தில் உயிரே இல்லை. அதே சீசன் தொடங்குவதோ ‘52’-இல். தாடியும் கண்ணாடியுமாக வால்ட் ஓர் உணவகத்தில் தனியே உட்கார்ந்து, தானே உடைத்து அந்த எண்ணை வைத்துக்கொள்கிறார். அடையாள அட்டையில் இருக்கும் பெயர் லாம்பர்ட், அது ஸ்கைலரின் பிறந்த வீட்டுப் பெயர். மனைவி பக்கத்தில் இல்லை, ஆனால் அவள் பெயருக்குள்தான் ஒளிந்திருக்கிறார். கடைசி 8 எபிசோடைப் பார்க்காமலேயே முடிவை ஊகிக்க இந்த ஒரு காட்சி போதும்.

விரிசல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால், 2-ஆவது சீசனின் கடைசி எபிசோடைக் காட்டலாம். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்தில் இருக்கும் வால்ட்டிடம் செல்போன் எங்கே என்று ஸ்கைலர் கேட்கிறாள். ‘எந்த போன்?’ என்று வாய் தவறிவிடுகிறது, ஒளித்து வைத்திருந்த இரண்டாவது போன் அம்பலமாகிறது. ஸ்கைலர் அங்கே சத்தம் போடுவதில்லை. பிறகு ஒவ்வொரு பொய்யையும் தனித்தனியாக விசாரித்து உறுதி செய்துகொண்டுதான் அவரை எதிர்கொள்கிறாள். இவள் கணக்குப் பார்க்கிறவள், ஆதாரம் இல்லாமல் வாய் திறக்க மாட்டாள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து 4-ஆவது சீசன். போதைப் பணத்தை வெள்ளையாக்கும் கார் வாஷை வாங்கப் பணம் எப்படி வந்தது என்று ஹேங்க்கிடமும் அவர் மனைவியான தன் தங்கை மேரியிடமும் சொல்ல, சூதாட்டக் கதை ஒன்றை வசனமாகவே எழுதி வால்ட்டை ஒத்திகை பார்க்க வைக்கிறாள். பலர் இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள். உண்மையில் அது தொழில் கூட்டு மட்டும்தான், தாம்பத்தியம் ஏற்கெனவே போய்விட்டது. 5-ஆவது சீசனில் அவள் நீச்சல் குளத்துக்குள் உடுத்திய துணியோடு நடந்து இறங்கும் காட்சி அதை உடைத்துச் சொல்கிறது. இனி என்ன செய்யப்போகிறாய் என்று வால்ட் கேட்டால், காத்திருப்பேன் என்கிறாள். எதற்கு? அவருடைய புற்றுநோய் திரும்பி வருவதற்கு. ஸ்கைலராக வரும் அன்னா கன்னின் நடிப்பு உச்சம் தொடுவது இங்கேதான். 2013-இல் எம்மி கிடைத்தது முழு நியாயம்.

குறை இல்லாமல் இல்லை. வருமான வரிச் சிக்கலில் மாட்டிய, ஸ்கைலரின் முன்னாள் முதலாளி டெட், தரை விரிப்பு தடுக்கி விழுந்து முடங்குவது கதைக்குத் தோதாக வந்த விபத்து. இவ்வளவு நேர்த்தியாக எழுதுகிறவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் டெட் தன்னைப் பார்த்துப் பயப்படுவதைக் கண்டு ஸ்கைலர் உறைந்துபோகும் இடம் அந்தக் குறையைப் பாதி ஈடு செய்துவிடுகிறது.

ஸ்கைலரை ‘கணவனுக்குத் தடங்கல்’ என்று பார்க்கிறவர்களின் ஊகம்தான் தவறாமல் பிசகும். குடும்பத்துக்காகச் செய்தேன் என்று வால்ட் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைப் பாருங்கள். கடைசி எபிசோடின் சிறிய சமையலறையில் அவர் மறுபடி ஆரம்பிக்கும்போது, அந்தப் பேச்சை இன்னொரு முறை கேட்க முடியாது என்று அவள் தடுக்கிறாள். அப்போதுதான் எனக்காகத்தான் செய்தேன், பிடித்துத்தான் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே தூங்கும் குழந்தையைப் பார்க்க அவரை அனுமதிக்கிறாள்.